குறிஞ்சிப்பாட்டில் களவுக் காதலும் தோழியின் வாதமும்

குறிஞ்சிப்பாட்டு, பத்துப்பாட்டுள் ஒன்று. 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகக் கபிலர் பாடியது எனப் பழங்குறிப்பு கூறுகிறது. கபிலர் உயிர்நீத்த இடமாகக் கருதப்படும் கபிலர் குன்று, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் உள்ளது.

இப்பாட்டு என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது 99 மலர்களின் பட்டியல். மனப்பாடத்துக்கு ஏற்ற பகுதிதான். ஆனால் பாட்டின் உயிர் அங்கே இல்லை. பெற்றோர் அறியாமல் காதலித்த பெண் உடல் மெலிகிறாள். செவிலி அதை நோய் என்று எண்ணித் தெய்வங்களை வேண்டி அலைகிறாள். தோழி உண்மையைச் சொல்லத் துணிகிறாள். இதனை அறத்தொடு நிற்றல் என்பர். ஆகவே பாட்டு முழுவதும் ஒரு வழக்காடல். அதைக் காதல் வருணனையாக மட்டும் படிப்பது போதாது.

தோழி தன்னை விலக்கிக்கொண்டு பேசுவதில்லை. தந்தையின் கடுங்காவலை மீறி நாம் இருவரும் ஆராய்ந்து முடிவு செய்த மணம் இது, இதை அறிவிப்பதால் பழி உண்டோ என்று தலைவி கேட்டதாகச் சொல்கிறாள். அந்த ‘இருவர்’ என்ற சொல்லில் தோழியும் குற்றத்தில் பங்கேற்கிறாள். பகைகொண்ட இரு வேந்தருக்கு இடையே நின்ற சான்றோர்போல் இருபுறமும் அஞ்சுவதாகவும் கூறுகிறாள். காதலருக்குத் துணைபோன எவருக்கும் இந்த அச்சம் புரியும்.

தினைப்புனத்தில் நடந்ததை அவள் சொல்லும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. வேட்டை நாய்கள் சூழ்ந்தன, அஞ்சினோம். அவன் பேசினான், நாங்கள் மறுமொழி தரவில்லை. மதயானை வந்தது, நடுங்கி அவனை அடைந்தோம். அவன் அம்பெய்து விரட்டினான். கூட்டம் யானையால் நேர்ந்ததே அன்றி ஆசையால் அன்று என்பது வாதம். இலக்கண நூலார் இதற்குக் களிறுதரு புணர்ச்சி என்று பெயரும் இட்டனர்.

ஆனால் வாதத்தில் ஓர் ஓட்டை. நாய்கள் வருவதற்கு முன்பே அவனுடைய எண்ணெய் பூசிய தலைமுடி, அதில் ஏறிய அகிற்புகை, சூடிய பூக்கள், மார்பின் சந்தனம், கையில் வில், காலில் கழல் என ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறாள். அஞ்சியவர்கள் இவ்வளவு பார்ப்பார்களா? மயக்கம் யானைக்கு முன்பே வந்துவிட்டது. கபிலர் அதை மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. இந்த இடத்தில் அவர் கலை மலர்ப்பட்டியலைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

இறுதிப் பகுதியில் தொனி மாறுகிறது. காவலர் விரைந்தாலும், நாய் குரைத்தாலும், தாய் விழித்தாலும், நிலவு வெளிப்பட்டாலும் சினவாமல் திரும்பிப்போகிறவன் அவன். புலியும் கரடியும் பாம்பும் திரியும் இரவு வழியை நினைத்துத் தலைவி கண்ணீர் வடிக்கிறாள். தோழியின் பேச்சு அங்கே முடிகிறது. செவிலி என்ன சொன்னாள் என்பது பாட்டில் இல்லை.