ஒற்றைக்குரலும் ஊர்க்குரலும்

ஓசூர் சிப்காட்டில் என்னோடு செகண்ட் ஷிப்ட் பார்த்த நண்பரின் அம்மா இறந்த அன்று, வாசலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் திருவாசகத்தின் சிவபுராணத்தை ஓதினார். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களும் எங்களோடு இருந்தார்கள். சொல் புரிந்து அழுதவர்கள் சிலர். பெரியவரின் குரல் தழுதழுத்த இடத்தில் அழுதவர்கள் மற்றவர்கள். இளையராஜாவின் 'திருவாசகம்' கேட்கும்போதெல்லாம் அந்த வாசல் எனக்கு நினைவுக்கு வரும்.

2005இல் தமிழ் மையம் வெளியிட்ட படைப்பு. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. சிம்பொனி என்றே ஊரெல்லாம் பெயர். ஆனால் தெய்வ வாசகத்தைத் தனிக்குரலும் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் பகிர்ந்துகொள்ளும் இந்த வடிவத்தை ஆரட்டோரியோ என்பதே பொருத்தம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவர் அரங்கேற்றிய 'வேலியன்ட்'தான் சிம்பொனி.

திருப்பெருந்துறையில் குருவாய் வந்து ஆட்கொண்ட சிவன், மற்ற அடியார்களை உடன் அழைத்துக்கொண்டு, திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரை மட்டும் விட்டுப் போனான். திருவாசகத்தின் அழுகை அந்தப் பிரிவிலிருந்து சுரப்பது. புறப்படுங்கள், காலம் வந்துவிட்டது என்று அடியாரை அழைக்கும் யாத்திரைப்பத்து நூலில் 45ஆவது. ராஜா அதை முதலில் வைத்தார். பிரிந்தவன் போன வழியில் நம்மையும் நடக்கவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறார்.

அடுத்து வரும் சிவபுராணம்தான் என் கணிப்பில் உச்சம். ஏறத்தாழ இருபது நிமிடம். நூலின் தொடக்க வாழ்த்துகளை விட்டுவிட்டு, தன்னைப் பொல்லாத வினைகாரன் என்று மாணிக்கவாசகர் தலைகுனியும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். புல்லாய், புழுவாய், மரமாய்ப் பிறந்து பிறந்து களைத்த உயிரின் முறையீடு அது. பாடுவது ராஜாவே. மேடைக்கென்று மெருகேற்றிய குரல் இல்லை. கரகரப்பும் மண்வாசமும் உள்ள குரல். அத்தனை வயலின்களுக்கு நடுவிலும் அது சாவு வீட்டு வாசலில் ஓதுகிற குரலாகவே நிற்கிறது. கோரஸ் அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய வரிகள்.

அந்த ஆங்கிலம் முதலில் எனக்கு உறுத்தியது. மாணிக்கவாசகரின் தமிழுக்கு அது ஈடில்லை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைப்படியில் ஒரே சிவனை மூன்று மொழியில் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்தக் கோரஸ் நாளடைவில் வேறாகக் கேட்டது. ஒருவன் தமிழில் அழுகிறான். அவன் மொழி அறியாத கூட்டம் தன் மொழியில் நானும் அப்படித்தான் என்கிறது. கன்னடப் பாட்டி அன்று செய்ததும் அதுதான்.

பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' இதற்கு நெருங்கிய உறவு. 1865இல் அவருடைய தாய் இறந்தார். 1868இல் பிரெமன் தேவாலயத்தில் ரெக்வியம் ஒலித்தது. இறந்தவருக்கான வேண்டுதலாக அல்லாமல், இருந்து அழுகிறவர்களுக்கு ஆறுதலாகத் தொடங்கும் படைப்பு. முதல் பகுதியில் வயலினே கிடையாது. தாழ்ந்த தந்திகளின் இருளில் குரல்கள் மெல்ல எழும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், துக்கத்திடம் இசை எவ்வளவு பணிவாக வர முடியும் என்பது தெரியும்.

ராஜாவின் ஆறு பகுதிகளும் அச்சப்பத்தில் முடிகின்றன. புற்றுப் பாம்புக்கும் அஞ்சாதவன், அன்பில்லாதவரைக் கண்டால் மட்டும் அஞ்சுகிறான்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இதைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். நல்ல ஹெட்போன் போட்டு, இரவில், ஆறையும் வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.