அடுக்குச் சம்பங்கி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடை வாசலில் நின்றால் என் கண் முதலில் தேடுவது சம்பங்கியைத்தான். மாலை கட்ட ஒற்றைச் சம்பங்கி. ஆறே இதழ், மணமும் தூக்கல். ஜாடியில் வைக்க அடுக்குச் சம்பங்கி. ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள்: இதழுக்குள் இதழாக நெருங்கி நிற்கும், மொட்டின் நுனியில் இளஞ்சிவப்பு லேசாகத் தீற்றியிருக்கும்.

இதைப்போலவே இதழ் அடுக்கிய பூதான், குளிர்நாட்டுத் தோட்டங்களில் வசந்தத்துக்குப் பூக்கும் அடுக்கு டாஃபடில். அதன் கிழங்குக்கு மூன்று மாதமாவது நல்ல குளிர் வேண்டும். கோலாலம்பூர் இரவில் அந்தக் குளிருக்கு வழியில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கிக் கிழங்குக்கோ வெயில்தான் உயிர். பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றையையும் அடுக்கையும் கலந்து உருவாக்கிய ‘சுவாசினி’ அடுக்கு ரகம், பூவும் பெரிது.

இங்கே சம்பங்கிக்கு எதிரி மழைநீர். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மணலும் மக்கிய எருவும் கலந்து, மேட்டுப் பாத்தியிலோ தொட்டியிலோ நடவேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் தண்டு எழும்பும்.

அடிப்பூக்கள் இரண்டு விரிந்ததும் காலையிலேயே வெட்டிவிடுங்கள். அடுக்கு ரகத்தில் நுனி மொட்டுகள் சில விரியாமலே நின்றுவிடும். அது அதன் இயல்பு. தினமும் தண்ணீரை மாற்றி, தண்டின் அடியைக் கொஞ்சம் நறுக்கி, வாடியதைக் கிள்ளிவிட்டால் போதும், மேலே உள்ள மற்ற மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழும்.