அழுகாச்சி மட்டுந்தான் கணக்கா?

இந்த நாலு மாசத்தில் ஐந்து புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தேன். பாமாவின் 'கருக்கு' (1992), 'சங்கதி' (1994), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002), சித்தலிங்கையா கன்னடத்தில் எழுதி பாவண்ணன் தமிழுக்குக் கொண்டுவந்த 'ஊரும் சேரியும்', ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதி 1997இல் வெளிவந்த 'ஜூட்டன்'. கடைசிப் புத்தகத்தை ஆங்கில வழியாகத்தான் வாசிக்க முடிந்தது. எதுவும் புதுசில்லை. சிலது எனக்கு மூன்றாவது வாசிப்பு. ஆனால் ஒன்றின் சூடு ஆறுவதற்குள் அடுத்ததை எடுத்துவிட்டதால், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடுகிற ஒரு விஷயம் மண்டைக்குள் சுத்திக்கொண்டே இருந்தது. அது சிரிப்பு.

தலித் தன்வரலாறு என்றதுமே நம் விமர்சகர்கள் கையில் எடுக்கிற சொற்கள் சில உண்டு: வலி, ரணம், வடு, ஓலம், கண்ணீர். ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பாருங்கள், பாதிக்குமேல் 'வலி'தான். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், 'கருக்கு' வாசித்து ரெண்டு நாள் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார் ஒரு பேராசிரியர். சபை நெகிழ்ந்துபோனது. எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊர்ல தெனமும் இதுதான். நாங்க தின்னுட்டுத்தான இருக்கோம்." ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் இருந்தவர்கள் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தால், கருத்தரங்கின் மரியாதை கெட்டுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம்ம புத்தகத்தை வாசித்துவிட்டு அழுகிறவர்கள்மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அழுகை என்ன வேலை செய்கிறது என்று கேட்டாக வேண்டும். அழுதுமுடித்தவர் தன்னைச் சுத்தப்படுத்திக்கொண்டு எழுந்துபோகிறார். அவருக்கு நாம் பாவப்பட்ட சனம், அவரோ இரக்கம் உள்ளவர். இந்த ஏற்பாட்டில் ஊர் ஊராகவே இருக்கிறது, சேரி சேரியாகவே இருக்கிறது. சிரிப்பு அப்படியில்லை. நாம் சிரிக்கும்போது நாம் பார்க்கிறவர்களாகவும் அவர்கள் பார்க்கப்படுகிறவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். அதனால்தான் நம் எழுத்திலிருந்து அழுகையைப் பிடுங்கி எடுத்துவைத்துக்கொண்டு, சிரிப்பைப் பக்கத்தோடு பக்கமாக மூடிவிடுகிறார்கள்.

'கருக்கு'வில் எல்லாருக்கும் தெரிந்த இடம் அந்தப் பலகாரப் பொட்டலம். பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிற சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, அது தீட்டு என்று விளக்குகிறார். அப்புறம்தான் கோபம். இந்தப் பகுதி மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. பாடம் நடத்துகிறவர்கள் சிறுமியின் சிரிப்பை அறியாமை என்றும், அண்ணனின் விளக்கத்தை அறிவு என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் அப்படி வாசிக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் முதல் தீர்ப்பு. ஒரு வளர்ந்த மனுசன் வடைப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பது உண்மையிலேயே கோமாளித்தனம். அதை மரியாதை என்று வாங்கிக்கொள்கிற நாயக்கர் அதைவிடப் பெரிய கோமாளி. சாதியை இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காததால்தான் அந்தக் கண்ணுக்கு அது இருக்கிறபடியே தெரிகிறது. அண்ணன் சொன்ன விளக்கம் தேவைதான், அதிலிருந்து வருகிற கோபமும் தேவைதான். ஆனால் கோபம் வந்ததால் சிரிப்பு தப்பாகிவிடாது. சாதி கொடுமையானது, அதோடு கூடவே அது கேவலமான மடத்தனமும்தான்.

அதே புத்தகத்தில் இன்னொரு இடம். சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் சேரிக்குள் புகுந்து அடித்து நொறுக்குகிறது. ஆம்பளைகள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் செத்துப்போகிறான். தகப்பன் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும். பொம்பளைகள் அவருக்குச் சேலை கட்டிவிட்டு, தங்களில் ஒருத்தியாக ஆக்கிக் கூட்டிவருகிறார்கள். சாவு வீட்டுக்கு நடுவில் வேசம் கட்டுகிற வேலை! இதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, உதட்டில் சிரிப்பும் வந்தது. துப்பாக்கி வைத்திருக்கிறவனைச் சேலையால் ஏமாற்றுகிற மூளை யாருக்கு உண்டு? 'வலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மூளைக்கு இடமேயில்லை.

'சங்கதி'க்கு வருவோம். இது பூராவும் பொம்பளைகள் பேச்சு. வெள்ளையம்மா கிழவி பேசப்பேச ஊர்க்கதை விரிகிறது. பட்டப்பேர், ஏசல், குலவை, பாட்டு, சண்டை எல்லாம் உண்டு. இதில் வருகிற சம்முகக் கிழவியை நான் மறக்கவே மாட்டேன். முதலாளியின் குடிதண்ணிப் பானையைத் தொட்டுவிட்டதாக ஒரு பிள்ளை அடிபடுகிறது. கிழவி யாரிடமும் நியாயம் கேட்டுப் போகவில்லை. ஆள் பார்க்காத நேரத்தில் அந்தப் பானைத் தண்ணியில் மூத்திரத்தைக் கலந்துவிட்டுப் போய்விடுகிறாள். தீட்டு என்கிற தத்துவத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்புரை நான் வாசித்ததில்லை.

இந்த இடத்தை எங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வெத்தலையைத் துப்பிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம், "எழுதுன புள்ள கொஞ்சமாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லி, கதிரறுக்கப்போன காலத்துக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. அதுவரை என்னிடம் சொல்லாத கதைகள். நான் அழுகிற குரலில் கேட்டிருந்தால் அது வாயைத் திறந்திருக்காது. சிரிப்புதான் கதவைத் திறந்தது.

2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 'சங்கதி'யையும், சுகிர்தராணியின் கவிதைகளையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் நீக்கியது. 'கருக்கு'வின் பொட்டலம் பாடமாகிறது, 'சங்கதி'யின் பானை பாடமாக முடிவதில்லை. அந்தச் சிறுமிக்காக வகுப்பறை உச்சுக்கொட்டலாம். இந்தக் கிழவிக்காக உச்சுக்கொட்ட முடியாது. அவள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். சிரிப்பு என்றாலே விடுதலை என்று நான் சொல்லவரவில்லை. தமிழ் சினிமா இத்தனை வருசமாகக் கறுப்பு நிறத்தையும், சேரிப் பேச்சையும், பிணம் எரிக்கிறவரையும் காட்டிச் சிரிப்பு மூட்டியிருக்கிறது. அது நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதற்கும் கிழவியின் சிரிப்புக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், இனம் வேறு. யார் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், பக்கத்தில் யார் கூடச் சிரிக்கிறார்கள் என்று கேட்காமல் சிரிப்பைக் கொண்டாட முடியாது.

சேரிக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். 'சங்கதி'யில் மாரியம்மா கதை இருக்கிறது. விறகு பொறுக்கப்போன இடத்தில் முதலாளி கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பித்து ஓடிவருகிறாள். அவனோ முந்திக்கொண்டு அவள்மீதே பழிபோட்டு நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. அபராதம் அவளுக்கு. கூடச் சேர்த்துப் பேசப்பட்ட மாணிக்கத்துக்குப் போட்டதைவிட அவளுக்கு ரெண்டு மடங்கு. நம்ம ஆம்பளைகள் உட்கார்ந்து நம்ம பொம்பளைக்குப் போட்ட தண்டம் அது. அந்த இடத்தில் பாமா சிரிக்கவில்லை. முதலாளியைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சேரி, நாட்டாமையைப் பார்த்துச் சிரிக்கப் பயப்படுகிறது. இயக்கத்தில் இருக்கிற ஆண் தோழர்கள் இந்தப் பக்கங்களை மடித்துவைத்துவிட்டுப் போகாமல் வாசிக்க வேண்டும்.

ராஜ் கௌதமன் பாமாவின் அண்ணன். புதுப்பட்டி என்கிற அதே ஊர், அதே வீடு, அதே கிறிஸ்தவம். ஆனால் சிரிப்பு வேறு. தங்கச்சி கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறார். அண்ணன் தனியாக நின்று தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். 'நான்' என்று எழுதாமல் 'சிலுவை' என்று தன்னைத் தள்ளிநிறுத்தி, ராசாக்களுக்கு எழுதுகிற 'சரித்திரம்' என்கிற பேரை ஒரு சேரிப் பையனுக்குச் சூட்டுகிறார். தலைப்பிலேயே எள்ளல் தொடங்கிவிடுகிறது. வீடு, கோவில், சாமியார், விடுதி, கல்லூரி எதுவும் தப்பவில்லை. முக்கியமாகப் 'படித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிற நம்பிக்கை தப்பவில்லை.

அந்த எள்ளலுக்குக் காரணமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்றால் இந்துக்கள்தான் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் இன்றைக்கும் வெளியேதான். கோவிலுக்குள் போனால் பறையன், சர்க்கார் ஆபீசுக்குள் போனால் வெறும் கிறிஸ்தவன். கல்லறையில்கூடத் தனி இடம், சான்றிதழில் மட்டும் சாதி கிடையாது! இந்தப் பித்துக்குளித்தனத்தை அழுது எழுதினால் மனுவாகிவிடும். கேலி செய்தால்தான் இலக்கியமாகும். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் இறந்தபோது வந்த அஞ்சலிகள் அவரை ஆய்வாளராகவே அதிகம் நினைவுகூர்ந்தன. 'தலித் பண்பாடு' (1993) எழுதியவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் நம் தலைமுறையில் தன்னைத் தானே இவ்வளவு நேர்மையாகக் கிண்டலடித்துக்கொண்ட படித்த தலித் ஆண் வேறு யார்?

சித்தலிங்கையா தலித் சங்கர்ஷ சமிதியைக் கட்டியவர்களில் ஒருவர், கர்நாடகத்தின் போராட்டக் கவிஞர். அவருடைய தன்வரலாறு கொதிக்கும் என்று எதிர்பார்த்துத் திறக்கிறோம். தொடக்கத்திலேயே நுகத்தடியில் மாட்டுக்குப் பதிலாக ரெண்டு மனிதர்கள் பூட்டப்பட்டு ஏர் இழுக்கிறார்கள். ஒருவர் அவருடைய அப்பா. இந்தக் காட்சிக்குப் பிறகு மற்றவராக இருந்தால் புத்தகம் முழுக்க ஒப்பாரி வைத்திருப்பார். சித்தலிங்கையாவோ விடுதிச் சேட்டை, பேய்க்கதை, சாமியாட்டம், மேடைப்பேச்சு என்று போய்க்கொண்டே இருக்கிறார். அப்பாவின் கழுத்தில் இருந்த நுகத்தடியை அவர் மறக்கவில்லை. அதையே தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலம்பூராவும் இழுக்கமாட்டேன் என்கிறார். ஆனாலும் ஒரு குறை எனக்கு உண்டு. சில இடங்களில் சிரிப்பு ரொம்பச் சுளுவாக வந்துவிடுகிறது. அடித்தவன் யார் என்பது மங்கிப்போய், சம்பவம் மட்டும் வேடிக்கையாக நிற்கிறது. அந்த இடங்களை ஊர்க்காரனும் நம்மோடு சேர்ந்து ரசித்துவிட முடியும். அது எனக்கு உறுத்துகிறது.

'ஜூட்டன்' இதற்கெல்லாம் நேர் எதிர். வால்மீகி சிரிப்பதே அபூர்வம். மேல்சாதிக் கல்யாணத்தில் முதுகொடிய வேலைசெய்த அம்மா, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நல்ல சாப்பாடு கேட்கிறாள். எச்சில் இலைச் சோறு நிறைந்த கூடையைக் காட்டி, உன் தகுதி அவ்வளவுதான் என்கிறார் வீட்டுக்காரர். அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு நடக்கிறாள். அன்றோடு அந்த வீட்டில் எச்சில் எடுப்பது நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் பையன் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து நாள்கணக்கில் பெருக்கவிடுகிறார். அப்பா வந்து அதைப் பிடுங்கி எறிந்து சத்தம்போடுகிறார். இங்கே சிரிக்க ஒன்றுமில்லை, சிரிக்க வேண்டும் என்று கேட்கவும் நமக்கு உரிமையில்லை. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் அந்த அம்மா அழவில்லை. கவிழ்த்தாள். சம்முகக் கிழவி பானையில் செய்ததும், இந்த அம்மா கூடையில் செய்ததும் ஒரே காரியம்தான். ஒருத்தி மறைவாகச் சிரித்துக்கொண்டு செய்தாள், இன்னொருத்தி நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு செய்தாள். அவரவர் ஊரில் எது முடியுமோ அது.

ஆய்வு செய்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த தடவை நம் புத்தகம் ஒன்றில் 'வலி'க்கு அடிக்கோடு போடும்போது, பக்கத்திலேயே அந்த மனுசி என்ன செய்தாள் என்பதற்கும் ஒரு கோடு போடுங்கள். பட்டப்பேர் வைத்தாளா, பாட்டுக் கட்டினாளா, பானையைக் கெடுத்தாளா, கூடையைக் கவிழ்த்தாளா என்று எழுதுங்கள். அடிபட்டதை மட்டும் எழுதினால் அடித்தவனின் வரலாறுதான் மிஞ்சும்.