மூச்சை விட்டுட்டுச் சுண்டு

மாமா மோட்டார் சைக்கிளைக் கானுக்கு, அதாவது தோட்டத்து வாய்க்காலுக்கு, ஐம்பது அடி தள்ளியே நிறுத்திவிடுவார். எஞ்சின் அணைந்ததும் பேச்சும் நின்றுவிடும். பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெட்டிப் போட்ட மட்டை அடுக்கைச் சுற்றி நடந்து, தன் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக வந்து குந்துவார். அதன்பிறகு பத்து நிமிடம் தூண்டிலைத் தொடமாட்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் தடவை கூடப் போனபோது மனிதர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

பெஸ்தாரி ஜெயாவுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவே இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. ஊருக்கு 2007இல் புதுப்பெயர் வைத்தாலும் மாமாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. மதியம் பாலை நிறுத்து ஊற்றிவிட்டால் பிற்பகல் முழுக்கச் சொந்தம். லயத்து ஆண்களில் பாதிப்பேர் பந்து விளையாடப் போவார்கள், மீதிப்பேர் கான் ஓரம் போவார்கள் என்பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மாமாவும் டவுனில் நாலாம் மாடிக்குப் போய்விட்டார். கானும் அதில் கிடக்கும் விராலும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

தூண்டிலைக் கலையென்று பேசுகிறவர்கள் உடனே டிரவுட்டுக்குத் தாவிவிடுவார்கள். மலை ஓடை, சில்லென்ற தண்ணீர், முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈ. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அந்த மீனையும் கையோடு கொண்டுபோனார்கள். 1880களில் இலங்கையின் மலைநாட்டில் விட்டார்கள். நீலகிரியில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க 1907இல் பண்ணையே வைத்தார். எங்கள் கான் தண்ணீரில் டிரவுட்டை விட்டால் அன்று சாயங்காலமே மிதக்கும். எல்லா வெள்ளைக்காரரும் அப்படியில்லை. மதராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றி 1873இல் ஒரு புத்தகம் எழுதினார். அதோடு விடவில்லை, ஏரி குளத்து மீன்களுக்கென்று 1887இல் தனியாக இன்னொன்றும் எழுதினார். குளிர்ந்த ஓடைக்கு ஏங்காமல் கலங்கிய குளத்தின் கரையில் உட்காரத் தெரிந்த துரை. அவரை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் மீன் விரால். சங்கப் பாட்டில் வரால், மலாய்க்காரர்களுக்கு ஹாருவான். கரிய முதுகு, வெளிறிய வயிறு, பாம்புத் தலை. இது செவுளை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். மாமா பத்து நிமிடம் காத்திருப்பது அந்த ஒரு வாய்க்குத்தான். கரிமண் சதுப்பிலிருந்து வடியும் தண்ணீர் பாலில்லாத தே ஓ நிறத்தில் நிற்கும். உள்ளே எதுவும் தெரியாது. மேலே எழுதுவதைத்தான் வாசிக்க வேண்டும். செப்பாட் மீன் வந்தால் மழைத்துளி விழுந்தாற்போல் சின்னப் புள்ளி. பூயு மீன் வந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், ஆளைக் காணோம். விரால் எழுவது நிதானம்: தண்ணீர் மெல்லப் புடைக்கும், மூக்கு தெரியும், ஒரு வளையம் சோம்பலாக விரியும். வளையம் கரையைத் தொடுவதற்குள் அது எந்தப் பக்கம் தலையைத் திருப்பியது என்று மாமா சொல்லிவிடுவார். எனக்கு இன்றுவரை பாதிதான் சரியாக வருகிறது.

அந்தக் காலத்தில் மூங்கில், தங்கூசி, உயிர்த்தவளை. இப்போது மாமாவிடம் ஆறடிக் கம்பும் ஒரு பழைய ரீலும் இருக்கின்றன, தவளை ரப்பர். கட்டைவிரல் நீளம், உள்ளே காற்று. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருப்பதால் புல்லிலும் ஆகாயத்தாமரையிலும் மாட்டாது. மீன் கவ்வி வயிறு நசுங்கினால்தான் முள் வெளியே வரும். இதைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் பொருளில் என்ன இருக்கிறது, போடுகிற கையைப் பாருங்கள். நான் போட்டால் தவளை தண்ணீரில் பொத்தென்று விழும். எந்தத் தவளை வானத்திலிருந்து விழுகிறது? மாமா எதிர்க்கரைக்குப் போடுவார், புல்லின் மேல். அங்கே அது சும்மா கிடக்கும். பிறகு மணிக்கட்டை ஒருமுறை அசைப்பார். தவளை விளிம்புக்கு வரும், யோசிக்கும், இறங்கும். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். தொங்கும் மட்டையின் நிழலைத் தொட்டதும் இன்னொரு நிறுத்தம், இது நீண்டது. அந்த ரப்பர் துண்டுக்குப் பயம் வந்துவிட்டதுபோல் இருக்கும். கை ஒன்றும் செய்யாததுபோல் தெரியும் அந்த நேரத்தில்தான் முழு வித்தையும் நடக்கிறது.

அப்புறம் தண்ணீர் வெடிக்கும்.

இங்கேதான் நான் பதினாறு மீனை விட்டேன் (மாமா எண்ணி வைத்திருக்கிறார்). வெடித்த நொடியில் கை தானாகக் கம்பைச் சுண்டிவிடும். தவளை மட்டும் விர்ரென்று முகத்துக்குப் பறந்து வரும். மலை ஓடை டிரவுட்டுக்கு அந்த அவசரம் சரி, அது இறகென்று தெரிந்ததும் துப்பிவிடும். விரால் அப்படியல்ல. கவ்வும், கீழே இழுக்கும், திரும்பும், அதன்பிறகே வாயை இறுக்கும். "மூச்சை விட்டுட்டுச் சுண்டு, தம்பி" என்பார் மாமா. விட்டேன் என்று சொல்வேன். "நீ இழுத்த மூச்சுல சுண்டுற. விட்ட மூச்சுல சுண்டு." பதினேழாவதில்தான் புரிந்தது. தங்கூசி ஓரமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே மூச்சை வெளியே விட்டேன். நெஞ்சு காலியானபோது கம்பு தானே எழுந்தது. முக்கால் கிலோ இருக்கும். அந்தக் கனம் முழங்கை வரை வந்தது.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் விராலின் பெரிய உறவான தோமான் இருக்கிறது, பத்துக் கிலோவுக்குக்கூட. படகு, பெரிய ரீல், படம் எடுக்க ஆள் என்று போகிறார்கள். போகட்டும். நான்கடி அகலக் கானில் ஒரே ஒரு போடுதான். கெடுத்தால் அரைமணி நேரத்துக்கு அங்கே ஒன்றும் எழாது. ருசி அந்த நெருக்கத்தில் இருக்கிறது. களைக்கொல்லி அடித்த வாரங்களில் அதுவும் இல்லை. கான் ஓரத்துப் புல் பழுத்துக் கிடந்தால் மாமா மோட்டாரைத் திருப்பிவிடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பிடித்ததை ஈரச் சாக்கில் போட்டால் வீடு வரை உயிரோடு வரும். பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் முடிந்தவருக்கும் விரால் ரசம் என்பது இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட வைத்தியம். அதனால் மாமாவுக்கு அடிக்கடி போன் வரும். இரண்டு கேட்டால் இரண்டு, மூன்றாவதை விட்டுவிடுவார்.

ஒரு நாள் ஆறரை மணி. செம்பனைக்குள் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கு இன்னும் ஒன்று குறைந்தது. காலடியில் தண்ணீர் கொதிப்பதுபோல் நுணுநுணுவென்று துடித்தது: பார்ப்பு. செம்மஞ்சள் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாக நகர்ந்தபடி மாறி மாறி வாய் காட்டின. அடியில் பெரியது இருக்கும். அந்த நேரத்தில் தவளையை மேலே போட்டால் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும், குஞ்சைக் காக்கிற கோபத்தில். போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; பெரிய மீனோடு படமும் எடுப்பார்கள்.

மாமா தவளையைக் கழற்றி டப்பியில் போட்டார். குஞ்சுப் பந்து மட்டை நிழலைத் தாண்டி மதகுப் பக்கம் போகும்வரை இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அதன் பின்னால், இரண்டு முழம் தள்ளி, தண்ணீர் மெல்லப் புடைத்து ஒரு வளையம் விரிந்தது.

"மோட்டாரை எடு," என்றார்.