ஒடியல் மா சேரும் நேரம்

யாழ்ப்பாணத்துக் கூழைப் பற்றிப் பேச வந்தவர்கள் பெரும்பாலும் நண்டிலிருந்தும் இறாலிலிருந்தும் தொடங்குவார்கள். நான் பனங்கொட்டையிலிருந்து தொடங்குவேன். கடல் தந்ததெல்லாம் கூழுக்கு ருசி சேர்க்கிறது; அதைக் கூழாக்குவது ஒடியல் மா. அந்த மா விழாதவரை பானையில் கொதிப்பது நல்லதொரு மீன் இரசம், அவ்வளவே.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பனாட்டுக்குக் களியைப் பிசைந்து எடுத்தபின் மிஞ்சும் கொட்டைகளை, வளவின் ஒரு மூலையில் மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவார்கள். வடகீழ்ப் பருவமழை பாத்தியை நனைக்கும். கொட்டையிலிருந்து புறப்படும் முளை நேரே கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கும். கொட்டைக்குள் இருந்த உணவை மெல்ல உறிஞ்சிக் கொண்டுபோய் அடியில் மாப்பொருளாகச் சேர்த்துவைக்கும். ஓட்டுக்குள் மெத்தென்று இனிக்கும் பூரான் இருக்கும். பாத்தி கிண்டும் நாளில் அது பிள்ளைகளின் பங்கு. கிண்டிய கிழங்கைத் தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து, பச்சையாகவே காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அது கடித்துத் தின்பதற்கு; கூழுக்கான மா ஒடியலை இடித்து எடுப்பது. இதில் நான் வியப்பது காலப் பொருத்தத்தை. தை பிறந்து மழை ஓயும்போதுதான் கிழங்கும் முற்றி நிற்கும். காயவைக்க வெயில் வேண்டிய வேளையில் வெயில் வந்துவிடுகிறது.

இந்த மாவும் மீனும் ஒரே பானைக்கு வந்ததற்கு அந்த மண்ணே காரணம். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். பெய்த மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழையை நம்பிய நெல் ஒரு போகம்தான். பனைக்கோ யாரும் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. மறுபக்கம், எந்த ஊரிலிருந்து நடந்தாலும் கடல் தூரமில்லை. குருநகரிலும் பாசையூரிலும் தீவகத்திலும் ஆழமற்ற பரவைக்கடலில் விழும் வலையில் ஒரு சாதி மீன் மட்டும் வருவதில்லை. ஒட்டி, ஓரா, சின்ன நண்டு, இறால், கணவாய் என்று கலந்தே வரும். தனித்தனிக் கறிக்குப் போதாத இந்தக் கலப்பு, கூழுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

சமையலில் வரிசைதான் எல்லாம். மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி வடிப்பார்கள். கசப்பு அந்த நீரோடு போகும். ஆனால் முழுவதும் போகாது, போகவும் கூடாது என்பது என் கட்சி. நாவின் பின்புறத்தில் தங்கும் அந்த மெல்லிய கசப்பு இருந்தால்தான் அது பனையின் கூழ். பானையில் முதலில் வேகுபவை பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு கைப்பிடி அரிசி. பிறகு பயற்றங்காய், நண்டு, மீன் தலை. சதை மென்மையான மீனும் இறாலும் அதற்குப் பின்னால். முருங்கையிலையை மேலே தூவிவிட்டு, அரைத்த செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் பழப்புளியில் கரைத்து ஊற்றுவார்கள். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கப்பல்களுக்குப் பிறகு வந்தவை. இன்று அவை இல்லாத கூழை யாரும் கூழென்று ஒப்பமாட்டார்கள்.

கடைசியில்தான் மா. கரைத்த மாவை ஊற்றித் துழாவத் துழாவ, அதுவரை தெளிவாகக் கொதித்த நீரின் சத்தமே மாறும். சளசளப்பு அடங்கி, கனத்த குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். புளிப்பும் உறைப்பும் நண்டின் இனிப்பும் அதற்குமேல் தனித்தனியே நிற்பதில்லை. மா அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தேங்காய்ப்பால் சேர்ப்பதில்லை. தேங்காய் பானைக்கு வெளியே, சொட்டுச் சொட்டாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். உறைப்பு ஏறும்போது ஒரு சொட்டைக் கடித்தால் வாய் ஆறும். அடுத்த மிடறுக்கு நாக்கு தயாராகும். சுவையை இதைவிட நுட்பமாகப் பிரித்து வைத்த சமையல் எனக்குத் தெரியாது.

குடிப்பதற்குப் பலாவிலையை மடித்து ஈர்க்கால் குத்திக்கொள்வார்கள், சிரட்டையும் ஆகும். சூடான கூழ் படும்போது பலாவிலையின் பச்சை வாசம் எழும். பீங்கான் கோப்பையில் அந்த வாசத்துக்கு இடமில்லை. நண்டுக்காலை உடைக்கக் கைதான். இரண்டு பேருக்கென்று யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. இத்தனை பொருளும் ஒன்றுசேர்ந்தால் பானை தானாகவே பெரிதாகிவிடும். அயலவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். மாமரத்தடியில் வட்டமாக இருந்து குடிக்கையில், அகப்பைக்காரர் ஒவ்வொருவரிடமும் “இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்று கேட்டுக்கொண்டே வருவார்.

ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்பான ஆடிக்கூழ் வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடியதால் அது எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒடியல் கூழுக்கு அப்படியொரு பாட்டு வாய்க்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வேண்டும். இழந்த தோப்பு ஒரு தலைமுறையில் திரும்புவதில்லை. இருந்தும் பாத்திகள் இன்னும் கட்டப்படுகின்றன. ஒடியல் மா பொதியாகி ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகிறது. அங்கே நண்டும் இறாலும் உறைபனிப் பெட்டியிலிருந்து வரும், பலாவிலை கிடைக்காது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. அரிசி மாவைக் கலந்து ஒப்பேற்றாமல், பொதி மாவையும் பொறுமையாக ஊறவைத்து மேல்நீர் வடித்தால் போதும். கூழ் அங்கேயும் இறுகும்.