வெண்டையின் பச்சை நரம்பு

இராமநாதபுரம் சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கப்படும் வெண்டைக்காய்க்குப் பின்னால், இலை நரம்புகளை மஞ்சளாக்கிக் காயையும் வெளுக்கச் செய்யும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை எதிர்த்த நெடிய பயிர்ப்பெருக்கப் பணி இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் செடிக்குள் புகுந்துவிட்டால் மருந்தில்லை என்பதால், எதிர்ப்பாற்றலை மரபணுவிலேயே வைக்க வேண்டியிருந்தது. 1960களில் பரவிய டெல்லி ரகமான பூசா சவானி, வைரஸைத் தாங்கியும் அறிகுறி காட்டாத வங்கத்து வெண்டை ஒன்றிலிருந்து அப்பண்பைப் பெற்றது. காலப்போக்கில் அதுவும் நோய்க்கு இடங்கொடுத்தது. அதன்பின் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்டையைக் காட்டு உறவினச் செடியோடு கலந்து, எளிதில் விதை பிடிக்காத அக்கலப்பின் வழித்தோன்றல்களைத் திரும்பவும் வெண்டையோடே சேர்க்கும் பிற்கலப்பு முறையால் அர்கா அனாமிகாவை உருவாக்கினர். காட்டுச் செடியின் எதிர்ப்பாற்றலை மட்டும் பிரித்தெடுத்து, மற்றப் பண்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிய அந்தத் தேர்வுநுட்பமே, ரகத்தின் விளைச்சலைக் காட்டிலும் வியப்புக்குரியது.