குளிகைக் காமிராவும் பேதிமருந்தும்

இங்கிலாந்தில் 2021-இல் 11,000 நோயாளிகளுக்குப் பெருங்குடல் குளிகைக் காமிரா தரத் திட்டமிட்டபோது, ஆசனவாயில் குழாய் நுழைக்காத எளிய சோதனை என்று புகழ்ந்தார்கள். எளிமை விழுங்குவதில் மட்டுமே, வாசகர்களே! குழாய்க்கருவி போகும் வழியில் நீர் பீச்சிக் கழுவும், கசடை உறிஞ்சும். குளிகைக்கு அந்த வசதி இல்லை. மலத்துணுக்கு மறைத்தால் பின்னாலுள்ள சிறுகட்டி படத்தில் விழாது. எனவே பேதிமருந்துக் கரைசலை 4 லிட்டர்வரை, முதல்நாள் மாலை பாதியும் மறுநாள் காலை மீதியுமாகக் குடித்தாக வேண்டும். விழுங்கிய பின்னும் விட்டபாடில்லை: மின்கலம் சுமார் 10 மணி நேரமே உழைக்குமாதலால், குளிகையை விரட்ட மேலும் பேதிமருந்து! கட்டி தென்பட்டாலோ, அதை அகற்றக் குழாய்தான் வரவேண்டும். பெரும்பாலும் இன்னொரு முறை பேதி. புகழுரையில் இந்த லிட்டர்க் கணக்கையும் அச்சிட்டால் என்ன?